பார்க்கக் கற்பித்த பட்டறை

வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் நோக்குமாறு ஆண்டவர் தம் சீடர்களைப் பணித்த நற்செய்திப் பகுதியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கவலையைக் கைவிடச் சொல்லும் ஆறுதல் மொழியாகவே அதனை ஏற்றுக்கொள்கிறோம். அதனுள் ஒரு கட்டளையும் அடங்கியிருப்பதை மறந்துவிடுகிறோம். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், பூக்களைப் பற்றிப் பேசும் இடத்தில், கிரேக்க மூலம் ஆளும் சொல் நன்றாகக் கற்றறிவதைக் குறிப்பது. பூவின் முன் மாணவராய் அமருங்கள் என்று அதற்கு விளக்கம் கூறலாம். ஆனால் அவ்வாறு அமர்வது எப்படி என்று நமக்கு மறைக்கல்வி வகுப்பிலோ பள்ளியிலோ எவரும் சொல்லித் தந்ததில்லை.

சொல்லித் தந்த ஓர் அருட்சகோதரி இருந்தார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மாசற்ற இருதயக் கல்லூரியின் ஓவியத் துறையில் பணியாற்றிய சகோதரி மேரி கொரிட்டா அவர். கொரிட்டா கென்ட் என்ற பெயரால் கலையுலகம் அவரை அறியும். அவரும் அவருடைய முன்னாள் மாணவியான ஜேன் ஸ்டுவர்டும் சேர்ந்து எழுதிய ‘லேர்னிங் பை ஹார்ட்’ என்னும் நூல் 1992-இல், கொரிட்டா மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. 2008-இல் மறுபதிப்புக் கண்டது. மனப்பாடம் செய்தல், இதயத்தால் கற்றல் என்று இரு பொருளும் தொனிக்கும் தலைப்பு அது. அந்நூலையும், அது பிறந்த பட்டறையையும், அப்பட்டறையிலிருந்து வெளிவந்த அச்சோவியங்களையும் ஒருசேர நோக்கி, அவற்றின் நிறைகுறைகளை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அன்றாடப் பொருள்களை உற்று நோக்குவதால் ஒருவருடைய விசுவாசத்திற்கு விளைவது என்ன என்ற கேள்வியும் அதனுள் அடங்கும்.

பட்டறையும் அதன் தலைவியும்

கொரிட்டா 1918-இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். 1936-இல், தம் பதினெட்டாம் வயதில், மரியாவின் மாசற்ற இருதய சபையில் சேர்ந்தார். சபையின் கல்லூரியிலேயே பட்டம் பெற்று, 1951-இல் கலை வரலாற்றில் முதுகலைப் பட்டமும் பெற்றார். ஓவியத் துறையை உருவாக்கி வளர்த்த சகோதரி மக்தலேன் மேரிக்குத் துணையாகப் பல ஆண்டுகள் கற்பித்து, 1964-இல் துறைத் தலைவியானார்.

அவர் தேர்ந்துகொண்ட ஊடகம் ஸ்கிரீன் பிரிண்டிங். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் வேண்டாத இடங்களை அடைத்துவிட்டு, வேண்டிய இடங்களின் வழியே மையைத் தள்ளித் தாளில் பதிக்கும் முறை அது. நம் ஊர்களில் திருமண அழைப்பிதழும் துணிக்கடைப் பையும் அச்சாகிய அதே எளிய தொழில்நுட்பம்தான். கற்பிக்கும் பணியின் சுமை காரணமாக, ஆண்டின் அச்சோவியங்களை எல்லாம் கோடை விடுமுறையின் சில வாரங்களில் மாணவியர் துணையுடன் பதித்து முடிப்பது அவர் வழக்கம். ஒரே ஓவியத்தைப் பல படிகள் எடுத்துக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். செல்வர் இல்லத்துச் சுவரோடு கலை நின்றுவிடக்கூடாது என்பது அவர் விருப்பம். 1960-களில் அவர் பணியாற்றிய, கல்லூரியின் அருகே பிராங்க்ளின் சாலையில் இருந்த எளிய கட்டடத்தை, 2021-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அப்பட்டறையின் முதன்மையான கருவி தூரிகை அன்று. ஓர் அட்டைத் துண்டு. தடித்த அட்டையின் நடுவில் சிறு செவ்வகத் துளை ஒன்றை வெட்டிக்கொள்ள வேண்டும். புகைப்பட ஸ்லைடுகளைப் பொருத்தும் வெற்றுச் சட்டமும் போதும். அதைக் கண்ணருகே வைத்துக்கொண்டு உலகத்தைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். பூங்காவுக்கோ கலைக்கூடத்துக்கோ மட்டும் அவர் மாணவியரை அழைத்துச் செல்லவில்லை. டயர் கடை, பெட்ரோல் நிலையம், பல்பொருள் அங்காடி ஆகியவற்றிற்கும் அழைத்துச் சென்றார். முழுக் கடையைப் பார்க்கும் கண், “இது கடை” என்று பெயரிட்டுவிட்டு நகர்ந்துவிடும். துளை வழியே தெரியும் பகுதிக்குப் பெயர் இல்லை. கறுப்பு வளைவு ஒன்று, பாதி எழுத்து ஒன்று, சுவரில் ஒழுகிய துருவின் கோடு ஒன்று மட்டுமே தெரியும். பெயர் சூட்ட இயலாத கண் வேறு வழியின்றிப் பார்க்கத் தொடங்குகிறது.

இதனோடு பொறுமையைச் சோதிக்கும் பயிற்சிகளும் உண்டு. கோக்கோ கோலாப் புட்டியை ஒரு மணி நேரம் பார்த்து நூறு கேள்விகள் எழுதி வரச் சொல்வார். ஒரே பொருளைப் பலமுறை, பல கோணங்களில் வரையச் செய்வார். வேலையின் அளவு மாணவியரைத் திணறடிக்கும். முதல் பத்துக் கேள்விகள் எளிதில் வந்துவிடும். அவை எல்லோரும் கேட்கும் கேள்விகள். இருபதுக்குமேல் கை நின்றுவிடும். அதன்பின் வருபவையே பார்த்ததனால் பிறந்த கேள்விகள். செபமாலை சொல்லிப் பழகிய நமக்கு இந்த முறையின் உட்பொருள் எளிதில் விளங்கும். திரும்பத் திரும்பச் செய்வது சலிப்பைக் கடந்து வேறோர் இடத்திற்கு அழைத்துச் செல்வதை நம் பாட்டிமாரின் முகங்களில் கண்டிருக்கிறோம்.

1960-களின் பிற்பகுதியில் அவர் தம் துறைக்கென வகுத்த பத்து விதிகள் இன்று உலகெங்கும் வழங்குகின்றன. நம்பத்தக்க ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளுதல், எல்லாவற்றையும் சோதனையாகக் கருதுதல், படைக்கும் வேளையிலேயே திறனாய்வு செய்யாதிருத்தல், உழைத்துக்கொண்டே இருத்தல் என்பன அவற்றுள் சில. அவற்றில் இசையமைப்பாளர் ஜான் கேஜின் பெயர் இடம்பெறுவதால், அவரே இயற்றியவை எனப் பலர் தவறாக எண்ணுகின்றனர். துறவு இல்லத்து ஒழுங்கின் சாயல் அவற்றில் இருப்பதை நம்மால் உணர முடிகிறது. உழைப்பும் கீழ்ப்படிதலும் மகிழ்ச்சியும் பகைமையின்றி அவற்றில் ஒரே பட்டியலில் அமர்ந்திருக்கின்றன.

செம்பைக் கண்ட கண்

கொரிட்டா தம் ஆசிரியராகக் கருதியவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் ஈம்ஸ். மனைவி ரே ஈம்ஸுடன் சேர்ந்து நாற்காலி முதல் குறும்படம் வரை வடிவமைத்தவர் அவர். அவர்களுடைய இல்லத்திற்குத் தம் மாணவியரைக் கொரிட்டா அழைத்துச் செல்வதுண்டு. இந்த ஆசிரியரின் வழியாக அப்பட்டறைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு அமைந்திருக்கிறது.

1958-இல் இந்திய அரசின் அழைப்பை ஏற்று நம் நாட்டைச் சுற்றிப் பார்த்த ஈம்ஸ் தம்பதியர், வடிவமைப்புக் கல்வி பற்றி அறிக்கை ஒன்று அளித்தனர். 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்ற அதுவே அடிப்படையாயிற்று. இந்தியாவில் தாம் கண்டு வியந்த பொருள்களுள் தலைசிறந்ததாக அவர்கள் அதில் குறிப்பிட்டது மாளிகையையோ சிற்பத்தையோ அல்ல. நாம் அன்றாடம் தண்ணீர் மொள்ளும் செம்பை. ஒரு செம்பை முதன்முதலாக வடிவமைக்க வேண்டுமாயின் எவற்றையெல்லாம் எண்ண வேண்டும் என்று அவர்கள் ஒரு பட்டியல் இட்டனர். அது எவ்வளவு நீர் கொள்ளும். எந்தக் கை அதைப் பிடிக்கும். தலையில் செல்லுமா, இடுப்பில் செல்லுமா. நிறைந்தபோதும் வெறுமையானபோதும் அதன் சமநிலை எப்படி. ஊற்றும்போது நீர் எப்படி விழும். தட்டினால் என்ன ஒலி எழும். தொட்டால் கைக்கு எப்படி இருக்கும். இவ்வளவையும் தனி மனிதர் எவரும் சிந்தித்துச் செய்யவில்லை. பல தலைமுறை மக்கள் சிறிது சிறிதாகத் திருத்தி அவ்வடிவத்தை எய்தினர் என்பது அவர்களின் முடிவு.

அந்தப் பட்டியலும் கொரிட்டாவின் நூறு கேள்விகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வியப்பு என்பது திடீரென வந்து விழும் உணர்ச்சி என்று நாம் நினைக்கிறோம். கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொள்வது அது என்று இவ்விருவரும் காட்டுகின்றனர். செம்பைத் தலைமுறைதோறும் கையில் ஏந்தியும் அதைப் பற்றி ஒரு கேள்வியும் எழுப்பாத நாம், அயலார் வந்து சொன்ன பிறகு பெருமை கொள்கிறோம். பெருமைப்படுவதைக் காட்டிலும் நாணுவது பொருத்தம்.

பயிற்சி நூல் ஒன்றைப் பயிற்சி செய்து பார்க்காமல் மதிப்பிடுவது முறையாகாது. ஆதலால் பழைய அழைப்பிதழ் ஒன்றின் நடுவே துளையிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிறன்று திருப்பலி முடியுமுன் வெளியே வர நேர்ந்தபோது, கோவில் வாசலில் கழற்றி விடப்பட்டிருந்த காலணிகளை அதன் வழியே பார்த்தேன். முதலில் தெரிந்தவை வண்ணங்களும் வார்களின் வளைவுகளுமே, அழகாகத்தான் இருந்தன. சற்று நேரம் பார்த்தபின் ஒரு செருப்பின் மீது கண் நிலைத்தது. அறுந்த வாரை ஊசியால் கோத்து, நிறம் பொருந்தாத நீல நூலால் தைத்திருந்தார்கள். குதிகால் பகுதி ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தது. அவர் ஒரு காலை இழுத்து நடப்பவராக இருக்க வேண்டும். அவர் யார் என்று அறிய மனம் விழைந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே படிகளில் ஏறி இறங்கியும் அப்படியொரு கேள்வி எனக்கு எழுந்ததில்லை.

இந்தச் சிறு அனுபவம் எனக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. பார்வை இரண்டு இடங்களில் சென்று முடியலாம். வடிவத்தின் இன்பத்தில் நின்றுவிடலாம். அல்லது அவ்வடிவத்தைத் தேய்த்த மனிதர் வரை செல்லலாம். முன்னதும் நல்லதே. ஆயினும் கிறிஸ்தவருக்குப் பின்னதே முழுமை. கொரிட்டாவின் படைப்புகளை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

அப்பமும் தக்காளியும்

1952-இல் அவருக்குப் பரிசு பெற்றுத் தந்த முதல் ஓவியங்களில் அன்னை மரியாவும் குழந்தையும் பழைய கிழக்குத் திருச்சபைத் திருவுருவங்களின் சாயலில் அமைந்திருந்தனர். பத்தாண்டுகளில் அந்த உருவங்கள் மறைந்து, எழுத்துகளும் வண்ணத் திட்டுகளுமே எஞ்சின. 1962-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஆண்டி வார்ஹோலின் சூப் டப்பா ஓவியக் கண்காட்சியை அவர் கண்டார். அதன்பின் அங்காடியின் உறைகளும் விளம்பர வாசகங்களும் அவர் திரையில் நுழைந்தன. வார்ஹோல் டப்பாவை டப்பாவாகவே நிறுத்தி, நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொரிட்டாவோ அந்த டப்பாவினூடே பீடத்தைக் கண்டார். இருவரும் ஒரே கடையில் பொருள் வாங்கியவர்கள் என்றாலும் கொண்டு சென்ற இடங்கள் வேறு.

அதே 1962-இல் அவர் பதித்த ‘வொண்டர்பிரெட்’ என்னும் படைப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சிற்றூர் வரை விற்பனையான ரொட்டி ஒன்றின் பெயர் அது. அதன் உறையில் வண்ண வட்டங்கள் இருக்கும். கொரிட்டா உறையை விட்டுவிட்டு வட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். கையால் வரைந்தாற்போன்ற, முழு வட்டமாகாத பன்னிரண்டு வண்ண வடிவங்கள் வெண்மையில் மிதக்கின்றன. திருத்தூதர் பன்னிருவரையும் நற்கருணை அப்பத்தையும் நினைவூட்டி, விளக்கம் ஏதுமின்றி அமைகிறது ஓவியம். இந்த ரொட்டியை அறியாத நமக்கும் அது பேசுகிறது.

1964-இல் வெளியான மற்றோர் ஓவியம் அதனினும் ஆழமானது. நற்செய்தியில் நல்லாயன் தம் ஆடுகள் வாழ்வு பெறும்பொருட்டு வந்ததாகச் சொல்லும் கருத்தைத் தலைப்பாகக் கொண்டது. அதே ரொட்டி உறையின் வட்டங்கள், அதே விளம்பர எழுத்துகள். ஆனால் இம்முறை அவற்றின் அருகே இரு குரல்களைக் கொரிட்டா கையெழுத்தில் சேர்த்திருக்கிறார். ஒன்று, கென்டக்கி மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவருடைய மனைவியின் குரல். வறுமையில் உழலும் வீட்டின் குரல். மற்றொன்று நம் காந்தியடிகளின் குரல். பசித்தவர்க்கு அப்பத்தின் வடிவில் அன்றி வேறெவ்விதமும் இறைவன் தோன்ற இயலாது என்னும் கருத்து. சத்தூட்டிய ரொட்டி என்று பெருமை பேசும் உறையின்மேல், ரொட்டிக்கும் வழியற்ற பெண் பேசுகிறாள். அவளுக்குச் சான்றாக இந்தியாவிலிருந்து ஒருவர் நிற்கிறார். இங்கே வண்ணத்தின் மகிழ்ச்சி குறையவில்லை. ஆயினும் அந்த மகிழ்ச்சியே நம்மைக் குற்றஞ்சாட்டுகிறது. செருப்பில் தொடங்கிய பார்வை செருப்பிற்குரியவரைச் சென்று சேர்ந்துவிட்டது.

இதே ஆண்டில் பதித்த, மிகுந்த சர்ச்சைக்குள்ளான ஓவியத்தைப் பற்றி இதே உறுதியுடன் என்னால் சொல்ல இயலவில்லை. தக்காளி விற்கும் நிறுவனம் ஒன்றின் விளம்பர வாசகத்தை எடுத்து, அன்னை மரியாவே எல்லாவற்றிலும் சாறு மிகுந்த தக்காளி என்று பொருள்படும் வண்ணம் அமைத்த ஓவியம் அது. மறைமாவட்டத்தில் பலர் வெகுண்டனர். அவருக்காக வாதிடுவோர் கூறுவது யாது? அன்னையை நாம் மன்றாட்டு மாலையில் பொன் ஆலயம் என்றும், தந்தக் கோபுரம் என்றும், விடியற்கால விண்மீன் என்றும் அழைக்கிறோம். ஆலயமும் கோபுரமும் மனிதர் கைவேலைகளே. வழக்கத்தால் அவை புனிதமாயின. தக்காளி செய்த குற்றம் என்ன?

வாதம் வலிமையானது. தக்காளி தாழ்ந்த பொருள் என்பதால் நான் அதை மறுக்கவில்லை. படைத்தவரின் கையிலிருந்து வந்த கனி எதுவும் அன்னைக்கு இழுக்காகாது. என் தடை வேறு. தந்தக் கோபுரம் திருநூலிலிருந்து எடுக்கப்பட்டுப் பல நூற்றாண்டுச் செபத்தால் மெருகேறியது. தக்காளி வாசகமோ ஒரு நிறுவனம் தன் சரக்கை விற்க அமர்த்திய வாசகம். விற்பனை மாறினால் வாசகமும் மாறிவிடும். அந்த விளம்பரத்தை அறிந்த 1964-ஆம் ஆண்டு அமெரிக்கருக்கு அது நகைப்பும் வியப்பும் ஊட்டியிருக்கும். இன்று அதற்கு அடிக்குறிப்புத் தேவைப்படுகிறது. அடிக்குறிப்பின் துணையால் நிற்கும் வணக்கம் நெடுநாள் நிற்பதில்லை. அன்றியும், இதில் பார்வை அன்னையிடம் சென்று சேருமுன் சொல்லின் சாதுரியத்திலேயே நின்றுவிடுகிறது என்பது என் கணிப்பு. தானிய உணவு நிறுவனம் ஒன்றின் பெரிய எழுத்தை நன்மைத்தனத்தின் அடையாளமாக மாற்றிய ஓவியத்துக்கும் இது பொருந்தும்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காலம். 1963-இல் வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவு திறந்தது. செபத்தின் மொழி எது, தெருவின் மொழி எது, இரண்டும் எங்கே சந்திக்கலாம் என்னும் கேள்வி உலகத் திருச்சபை முழுதும் எழுந்தது. இலத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்த நாமும் அக்கேள்வியை எதிர்கொண்டவர்களே. கொரிட்டாவுக்கு வாய்த்த தெருமொழி விளம்பரத்தின் மொழி. தம் அண்டை அயலார் நாள்தோறும் வாசித்த ஒரே ‘நூல்’ அதுதான் என்பதால், அதன் வழியே அவர்களோடு பேச முயன்றார். முயற்சியில் சில இடங்களில் வழுவினார் என்பதற்காக, அவர் கேட்ட கேள்வியை நாம் தள்ளிவிடக் கூடாது.

தெருவுக்கு வந்த பவனி

கேள்வியை அவர் தாளோடு நிறுத்தவில்லை. கல்லூரியில் ஆண்டுதோறும் மரியன்னை நாள் என ஒரு விழா உண்டு. கறுப்பு அங்கிகளில் அமைதியாக நடந்த பவனி அது. 1964-இல் கொரிட்டாவும் அவர் துறையினரும் அதனை மலர்முடிகளும் வண்ணப் பதாகைகளும் இசையும் நிறைந்த திருவிழாவாக மாற்றினர். திருத்தந்தை இருபத்துமூன்றாம் ஜான் எழுதிய சமூகச் சுற்றுமடல்களின் தூண்டுதல் அதில் இருந்தது. மாணவியர் ஏந்திச் சென்ற பதாகைகளில் உணவுப் பொருள்களின் உறைகள் இடம்பெற்றன. உலகின் பசி நினைவுகூரப்பட்டது. அதே ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சியின் வத்திக்கான் அரங்கில், பேறுபெற்றோர் பற்றிய மலைப்பொழிவை நாற்பதடி நீளப் பதாகையாக அவர் அமைத்திருந்தார். மைக்கேலாஞ்சலோவின் ‘பியெட்டா’ சிலையைக் காண வந்த மக்கள் கூட்டம் அங்காடி வண்ணங்களில் எழுதிய மலைப்பொழிவையும் கண்டது.

1965 ஆகஸ்டில் அதே லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களின் கொந்தளிப்பு வெடித்தது. கொரிட்டா அந்நாளைய செய்தித்தாளின் முதற்பக்கத்தையே தம் திரையில் ஏற்றி, ‘என் மக்கள்’ எனத் தலைப்பிட்டார். அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் பணிபுரிந்த குரு ஒருவரின் கருத்தை அருகே எழுதினார். ஒழுங்கும் தூய்மையும் வசதியும் நிறைந்த பகுதியில் வாழ்வோர், கிறிஸ்துவின் மறையுடலில் பெரும்பகுதி பசியிலும் ஒழுங்கின்மையிலும் கிடப்பதை மறந்துவிடுகின்றனர் என்பது அதன் சாரம். ரொட்டி உறையைப் பார்த்துப் பழகிய கண் செய்தித்தாளையும் அதே பொறுமையுடன் பார்த்தது. கலவரத்தைச் செய்தியாகப் படித்து முடித்தவர்கள் நடுவே, அவர் அதில் தம் உறவினரைக் கண்டார். அவருடைய படைப்புகளுள் எனக்கு மிக நெருக்கமானது இதுவே.

இந்தக் கண் அமைதியான வாழ்வை அவருக்கு அளிக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பேராயராயிருந்த கர்தினால் மக்கின்டயருக்கு அவருடைய ஓவியங்கள் பிடிக்கவில்லை. சங்கத்தின் அழைப்பை ஏற்று 1967-இல் சபையினர் தம் உடை, செபநேரம், பணி ஆகியவற்றில் செய்த மாற்றங்களும் அவருக்கு உடன்பாடாக இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் ‘நியூஸ்வீக்’ இதழின் அட்டையில் கொரிட்டாவின் முகம் வந்தது. ஓய்வற்ற பயணங்களும் உரைகளும் அவரைச் சோர்வுறச் செய்தன. 1968-இல் சபையை விட்டு விலகி பாஸ்டன் நகரில் குடியேறினார். 1970-இல் ஏறத்தாழ முந்நூறு சகோதரியர் வார்த்தைப்பாடுகளிலிருந்து விடுவிக்கப்பட்டுப் பொதுநிலையினர் சமூகமாக இணைந்தனர். இதில் நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்பளிக்க நான் தகுதியுடையவன் அல்லேன். ஆயினும் நம் வீட்டில் நிகழ்ந்த இழப்பு இது என்பதை மறைக்கவும் இயலாது. அதிகாரத்தில் இருந்தவர் ஓர் ஓவியத்தை முழுதாகப் பார்க்கும் பொறுமை கொண்டிருந்தால், ஓவியரும் ஆயரின் அச்சத்தை ஒரு மணி நேரம் நின்று பார்த்திருந்தால் என்று எண்ணத் தோன்றுகிறது. சபையை விட்ட அவர் அதை வெறுக்கவில்லை. 1986-இல் புற்றுநோயால் இறந்தபோது, தம் ஓவியங்களையும் அவற்றின் உரிமைகளையும் அந்தச் சகோதரியரின் சமூகத்துக்கே விட்டுச் சென்றார்.

நூல் தருவதும் தராததும்

இனி நூலைப் பற்றி ஒரு சொல். பயிற்சிகள், படங்கள், மேற்கோள்கள் எனத் துள்ளி ஓடும் நடையில் அமைந்த அந்நூல், ஆசிரியர்களுக்கு அரிய துணை. மறைக்கல்வி கற்பிப்போர் அதன் அட்டைத்துளைப் பயிற்சி ஒன்றையாவது செய்து பார்க்கலாம், செலவு ஏதுமில்லை. விளையாட்டையும் உழைப்பையும் பிரிக்காத அதன் மனப்பாங்கு, ஞாயிறு வகுப்பைத் தண்டனையாக்கிவிட்ட நம்மைத் திருத்தும்.

குறையும் உண்டு. ஓவியங்களை அறியாமல் நூலை மட்டும் படிப்பவர், அதைக் கற்பனைத் திறன் வளர்க்கும் கையேடாகக் கொண்டுவிடக் கூடும். பத்து விதிகள் இன்று வடிவமைப்பு அலுவலகங்களின் சுவர்களில் அலங்காரமாக விளங்குவதைக் காணும்போது அந்த ஐயம் வலுப்படுகிறது. உற்றுப் பார்க்கும் திறமை சரக்கு விற்போருக்கும் பயன்படும். அவர்களும் நம்மை மிகக் கூர்ந்து பார்ப்பவர்களே. சுரங்கத் தொழிலாளியின் மனைவியை மறந்துவிட்டால், அங்காடியிலிருந்து கொரிட்டா மீட்டெடுத்த கண் மீண்டும் அங்காடிக்கே திரும்பிவிடும்.

அத்தகைய திருப்பத்தை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். 1985-இல் அமெரிக்க அஞ்சல் துறைக்காக அவர் வரைந்த ‘அன்பு’ அஞ்சல்தலை, ஆறே வண்ணத் தீற்றல்களும் ஒரு சொல்லும் கொண்டது. எழுபது கோடிக்கும் மேல் விற்பனையாயிற்று. அதன் வெளியீட்டு விழாவைக் கேளிக்கைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் அரங்கில் வைத்தார்கள். கொரிட்டா அதற்குச் செல்லவில்லை. விளம்பரத்தின் சொல்லை எடுத்துச் செபமாக்கியவரின் சொல்லை விளம்பரம் எடுத்துக்கொண்டது. பதிலாக அவர் ஓர் ஓவியம் பதித்தார். அன்பு கடினமான உழைப்பு என்பது அதன் தலைப்பு. நெடுநாள் நோயில் தளர்ந்திருந்த கை எழுதிய சொல் அது.

என் அட்டைத்துண்டு இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. நீல நூலால் தைத்த அந்தச் செருப்பின் உரிமையாளரை அடுத்த ஞாயிறு கண்டுகொண்டேன். தூணோரம் அமரும் மூதாட்டி அவர். பெயர் கேட்டேன், சொன்னார். அதுவரை நாங்கள் இருவரும் ஒரே அப்பத்தை உண்டு வந்திருக்கிறோம்.